பூனை செய்த சமாதானம்

ஏரிக்கரை ஓரத்தில் இருந்த மரகதத்தின் மாட்டுத் தொழுவத்தில் சாம்பி என்ற பூனையும், கருப்பாயி என்ற எருமையும், எண்ணி மாளாத எலிகளும் வாழ்ந்து வந்தன.

சாம்பிக்கு வயதாகிவிட்டது. முன்பெல்லாம் தவிட்டு மூட்டையருகே ஒரு சலசலப்புக் கேட்டால் போதும், அம்பு போலப் பாயும். இப்போது பாய்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஒன்றைப் பிடித்தால் ஒன்பது பிறக்கிறது. 'இந்தப் பிழைப்புக்கு ஒரு முடிவே கிடையாதா?' என்று அது அடிக்கடி பெருமூச்சு விடும்.

எலிகளின் தலைவன் கூர்மூக்கன் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் உத்தரத்தின் மேலிருந்து குரல் கொடுத்தது.

"சாம்பியக்கா! கொஞ்சம் பேசலாமா?"

"பேசு. எழுந்து வந்து உன்னைப் பிடிக்க எனக்குத் தெம்பில்லை."

"அதைத்தான் சொல்ல வந்தேன்! நீங்கள் துரத்துகிறீர்கள், நாங்கள் ஓடுகிறோம். உங்களுக்கும் அலுப்பு, எங்களுக்கும் அலுப்பு. எதற்கு இந்த வம்பு? மரகதம் அம்மாதான் உங்களுக்கு வேளை தவறாமல் பால் ஊற்றுகிறாரே!"

"அதனால்?"

"நாங்கள் மூட்டையைக் கடிக்க மாட்டோம். பால் சட்டிப் பக்கம் வர மாட்டோம். கீழே சிந்தும் தவிடு, தொட்டியில் ஒரு வாய்த் தண்ணீர், அது போதும் எங்களுக்கு. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்!"

தூக்கம் என்ற சொல்லே சாம்பிக்குத் தேனாக இனித்தது.

"வாக்குத் தவற மாட்டாயே?"

"எங்கள் குலத்தின் மேல் ஆணை!"

அன்று முதல் சாம்பி வைக்கோலில் சுருண்டு படுத்துக்கொண்டது. எலிகள் அதன் வாலைத் தாண்டிப் போயின, வந்தன. கூர்மூக்கனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மூட்டையில் ஓர் ஓட்டை கிடையாது. "நம்ம சாம்பி இருக்கிற இடத்தில் எலி வாலாட்டுமா?" என்று மரகதம் தன் கணவர் குருசாமியிடம் பெருமை பேசினாள்.

கருப்பாயிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"ஏண்டி சாம்பி, தொட்டித் தண்ணீரில் எலி மூத்திர நாற்றம் அடிக்கிறது. விளிம்பிலேயே உட்கார்ந்து கழிக்கின்றன. என் கன்றும் இதில்தான் குடிக்கிறது. நீ கொஞ்சம் எழுந்து விரட்டக் கூடாதா?"

"நாள் முழுக்கச் சேற்றில் புரள்கிறவளுக்கு எலி மூத்திரம் நாறுகிறதோ! கையளவு பிராணி. அதன் மூத்திரம் யாரை என்ன செய்துவிடும்?" கண்ணைத் திறக்காமலே சொன்னது சாம்பி.

அதனோடு வாதாடக் கருப்பாயிக்கும் அலுப்பாக இருந்தது. அசைபோடத் தொடங்கிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தொட்டி நிரம்பி வழிந்து, தொழுவம் முழுக்க நசநசவென்று ஈரம். மரகதத்தின் காலில் சேற்றுப்புண். செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் நின்றுதான் அவள் கருப்பாயியைக் கவனித்தாள்.

முதலில் கன்று படுத்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் மஞ்சளானது. சிறுநீர் இரத்த நிறத்தில் போனது. கருப்பாயி கன்றை நக்கி நக்கிப் பார்த்தது. ஒருநாள் விடிந்தபோது கன்று எழவில்லை.

"மடியில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, சாம்பி." கருப்பாயி அவ்வளவுதான் சொன்னது.

அடுத்து மரகதம் படுத்தாள். நடுக்கத்தோடு வந்த காய்ச்சல் விடவில்லை. கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலித்தது. குருசாமி அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

துணிமணி எடுக்க அவர் வீடு திரும்பியபோது, கன்று செத்ததைக் கேள்விப்பட்டுக் கால்நடை மருத்துவர் வந்து காத்திருந்தார். அவர் தொட்டியைப் பார்த்தார். அதன் விளிம்பில் கிடந்த எலிப் புழுக்கைகளைப் பார்த்தார்.

"குருசாமி, இது எலிக்காய்ச்சலாகத்தான் இருக்கும்! எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உடனே போய்ச் சொல்லுங்கள். அந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகாது. நோயைச் சுமந்துகொண்டு திரியும். சாவது மற்றவர்கள்தான்!"

குருசாமி வந்த வழியே மீண்டும் ஓடினார்.

வைக்கோல் மேலிருந்த சாம்பிக்குத் தூக்கம் போயிற்று. அது உத்தரத்தைப் பார்த்துச் சீறியது.

"கூர்மூக்கா! துரோகி! எதையும் தொட மாட்டேன் என்றாயே!"

கூர்மூக்கன் திகைத்துப்போய் எட்டிப் பார்த்தது.

"நான் எந்த வாக்கை மீறினேன், அக்கா? மூட்டையைக் கடித்தோமா? பாலை நக்கினோமா? குடித்தோம், கழித்தோம். எங்களில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாம்பி யோசித்துப் பார்த்தது. எலி பொய் சொல்லவில்லை. எலி எலியாகத்தான் இருந்தது. பூனைதான் பூனையாக இல்லை.

"அப்படியானால் நம் சமாதானம்?" என்றது கூர்மூக்கன்.

"அது செல்லாது! தொட்டி என்னுடையதல்ல. கன்று என்னுடையதல்ல. மரகதத்தின் உயிரும் என்னுடையதல்ல. அவற்றையெல்லாம் உனக்கு விட்டுக்கொடுக்க நான் யார்?"

இடுப்பு வலியைப் பொறுத்துக்கொண்டு சாம்பி பாய்ந்தது. கூர்மூக்கன் தப்பிவிட்டது. அதன் பின்னால் வந்த எலி தப்பவில்லை.

குருசாமியும் சும்மா இருக்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, பலகையால் மூடினார். தவிட்டை மூடி போட்ட டிரம்மில் கொட்டினார். சிந்தியதை அன்றன்றே கூட்டினார். தின்ன வழியில்லாத எலிகள் ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கின.

மரகதம் பிழைத்துக்கொண்டாள். குச்சியாய் இளைத்து, கணவரின் தோளைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள். தொழுவத்தின் வாசலில் நின்று, கன்று இல்லாத முளைக்குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

சாம்பி எருமையின் அருகே வந்தது.

"நீ சொன்னபோதே நான் எழுந்து விரட்டியிருக்க வேண்டும், கருப்பாயி."

"நானும் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அலுப்பாக இருந்தது."

மூலையில் ஏதோ அசைந்தது. சாம்பி மெல்ல எழுந்து போயிற்று.

தன் அலுப்புக்காகக் காவலைக் கைவிடுகிறவர், அதனால் வரும் கேட்டை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார்.