அணைந்த பத்து மெழுகுவர்த்திகள்

பத்து விளக்கு அணைந்தும் இருட்டாத வழி எது, சொல்லுங்கள்?

கிறிஸ்துமஸ் விடியலில் பனி குளத்தையே மறைத்திருந்தது. "பத்துக் கட்டளைக்குப் பத்து மெழுகுவர்த்தி. ஒன்றும் அணையாமல் கோவிலுக்குக் கொண்டுவரும் பிள்ளைக்கே நாடகத்தில் தேவதூதன் சிறகு," என்றிருந்தார் உபதேசியார்.

சிறகுக்கு ஏங்கிய சிறுமி தபித்தாள், பத்தும் எரியும் தட்டை ஏந்திக் கனவில் நடப்பதுபோல நடந்தாள். கோவில் மணியடிக்கும் பார்வை மங்கிய முதியவர் ஞானாபரணம் பனிக்குள் வழிதவறிக் குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி, அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். அதற்குள் காற்று பத்தையும் அணைத்துவிட்டது.

"பத்துக் கட்டளையும் போச்சே, தபித்தா," என்றார் கோவில் வாசலில் நின்ற உபதேசியார்.

"இதுல எந்தக் கட்டளை ஐயா, தாத்தாவைக் குளத்துல விடச் சொல்லுது?"

உபதேசியார் ஒவ்வொரு கட்டளையாக முணுமுணுத்தபடி ஒவ்வொரு திரியாகத் தொட்டுப் பார்த்தார். பத்தாவதைத் தொட்டதும் சிறகை அவளிடம் நீட்டினார்.

மணி இன்னும் அடிக்கவில்லை. தபித்தாள் சிறகை வாங்காமல், ஞானாபரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனாள்.