தன் பேரையே எடுத்தவள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பங்கு உபதேசியாரின் மனைவி சூசையம்மாள் அக்கா. என் மூத்தவன் வேலை கிடைத்து முதன்முதலாக ஊரைவிட்டுப் போன வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு. பூசை முடிந்து இருவரும் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தோம். துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன இல்லம். ஐந்து சிஸ்டர்கள். அவர்களிடம் செபிக்கக் கற்றுக்கொள்ள வந்து தங்கிய ஆறு பெண்கள். காய்கறித் தோட்டம் போட்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, மணியடித்தால் செபம், மணியடித்தால் வேலை என்று இருந்தார்கள்.

எல்லோருக்கும் குரு சிஸ்டர் அமலோற்பவம். வயது முப்பத்தெட்டுதான். ஆறு பெண்களில் மூத்தவள் பிரகாசியம்மாள். ஐம்பத்துநாலு வயது, கணவர் இல்லை, ஒரே மகள். சிஸ்டரைவிடப் பதினாறு வயது பெரியவள். அதனால் சிஸ்டர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும், மரியாதைக்குக் குறைவில்லாமல், மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவாள்.

திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம். ஒரு வளையத்தில் சவுக்குக் கொத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற நாலு மெழுகுதிரி. மூன்று ஊதா, ஒன்று ரோஸ்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"ஆண்டவர் எல்லாத்துக்கும் ஒரு திட்டம் வச்சிருக்கார்னு நேத்துப் பாடம் எடுத்தீங்க."

"ஆமா."

"அதுல என் மக பேரு இருக்கா?"

சிஸ்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கட்டத் தொடங்கியது.

பிரகாசியம்மாளின் மகள் விண்ணரசி மஸ்கட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு முறை வயிற்றில் தங்கிக் கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம். எழுந்து நடக்கவே கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்திருந்தார்கள்.

"ரெண்டு தடவையும் கலைஞ்சப்ப, திட்டம்னுதான் ஆளாளுக்குச் சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காமப் போச்சு, சிஸ்டர்."

சிஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எனக்குச் சொல்லத் தெரியலைக்கா. நாளைக்குச் சீட்டு எடுக்கணும். அந்தப் பித்தளைச் சொம்பைக் கொஞ்சம் தேய்ச்சு வைக்கிறீங்களா?"

பிரகாசியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புளியைப் போட்டு அவள் தேய்த்த தேய்ப்பில் சொம்பு தங்கம் மாதிரி மின்னியது.

சீட்டு எடுப்பது அந்த இல்லத்து வழக்கம். முதல் ஞாயிறன்று எல்லோர் பேரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்துச் சொம்பில் போடுவார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். யார் பேர் வந்ததோ, கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் அவளுக்காகச் செபிக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் சின்னச் சின்ன உதவி செய்ய வேண்டும். சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கிறிஸ்துமஸ் காலையில்தான் போய்க் கட்டிப்பிடித்து, "நான்தான்" என்று சொல்ல வேண்டும்.

"தன் பேரே வந்தா திரும்பப் போட்டுட்டு வேற எடுக்கணும்," என்றார் சிஸ்டர் சொம்பைக் குலுக்கிக்கொண்டே. "வருஷா வருஷம் சொல்றதுதான்."

பிரகாசியம்மாள் கையை விட்டாள். எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரித்துப் பார்த்தாள்.

பிரகாசியம்மாள் என்று எழுதியிருந்தது.

திரும்பப் போடத்தான் கை எழும்பியது. அதற்குள் மனசு முந்திக்கொண்டது. இந்த வருஷம் எனக்கு இருக்கிற பாரத்துக்கு, இன்னொருத்திக்காகச் செபிக்க எனக்கு ஏது நேரம்? என் பாரம்தான் யாருக்குத் தெரியும்? யாரோ ஒருத்தி என் பேரை எடுத்துவிட்டு, நாலு நாள் செபித்து, ஐந்தாம் நாள் மறந்துபோனால்? நான் செபிக்கிற மாதிரி என் பிள்ளைக்கு யார் செபிப்பாள்?

"என்னக்கா, சரியா?"

"சரிதான், சிஸ்டர்."

சீட்டு ரவிக்கைக்குள் போய்விட்டது.

மறுநாளிலிருந்து இல்லமே திருட்டுப்பூனை மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி எட்டிப்பார்த்து வெளியே போனால் இன்னொருத்தி உள்ளே நுழைவாள். யாருடைய புடவையோ மடித்து வைத்திருக்கும். யாருடைய கட்டிலிலோ ஒரு கொய்யாப்பழம் இருக்கும். சமையற்கட்டு சிஸ்டர் செபாஸ்தினாவுக்கு மட்டும் ரகசியம் ஒத்துவராது. அவர் நடந்தால் தரை சொல்லிவிடும்.

பிரகாசியம்மாள் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நேரம் கிடைத்தால் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றாள். விண்ணரசி, விண்ணரசி, விண்ணரசி. செபமாலை மணி விரலில் தழும்பு போட்டது. விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை குளிக்கப் போனாள். வாளியில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. மூடியிருந்த தட்டில் சாக்கட்டியால் 'அக்கா' என்று எழுதியிருந்தது. ஆறு பெண்களில் அக்கா அவள் ஒருத்திதான்.

அடுத்த நாள் நல்ல மழை. வாசலில் விட்டிருந்த செருப்பை எடுக்க ஓடினாள். அது உள்ளே வந்து, துடைத்து, கட்டிலடியில் இருந்தது.

அதற்கும் மறுநாள், தலையணை பக்கத்தில் ஒரு கட்டு நொச்சி இலை. அவளுக்கு முழங்கால் வலி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிரகாசியம்மாள் சீட்டை எடுத்து மறுபடி பார்த்தாள். என் பேருதான் என்கிட்ட இருக்கே!

சமையற்கட்டுக்குப் போனாள்.

"செபாஸ்தினா சிஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. நொச்சி இலை வச்சது நீங்கதானே?"

"ஐயோ அக்கா! எனக்கு வாய்ச்ச ஆளுக்கே எதுவும் செஞ்சு முடிக்க முடியல. நேத்து வாழைப்பழத்தை முக்காட்டுக்குள்ள ஒளிச்சுட்டுப் போனேன். பூசையில முழங்கால் போட்டப்ப நசுங்கி, கழுத்தெல்லாம் வழிஞ்சுது. சாமியாரே சிரிச்சுட்டார்."

"அப்போ யாரு?"

"கேட்கக் கூடாதுக்கா. பாவம்."

"பாவமா?"

"சட்டத்தை மீறுறதுதான் பாவம்னு சொன்னேன்."

இரண்டாவது திரி ஏற்றினார்கள். வெந்நீர் நிற்கவில்லை. செபப்புத்தகத்தின் கிழிந்த அட்டை ஒரு நாள் ஒட்டியிருந்தது. மூன்றாம் ஞாயிறு, ரோஸ் திரி ஏற்றிய அன்று, பிரகாசியம்மாளால் தாங்க முடியவில்லை. தோட்டத்தில் அவரைப் பந்தலுக்குக் கீழே சிஸ்டர் அமலோற்பவம் தனியாக இருந்தார். போய் நின்றாள். ரவிக்கைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். வியர்வையில் நைந்து, எழுத்து பரவியிருந்தது.

"சிஸ்டர், நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன்."

சிஸ்டர் வாங்கிப் பார்க்கவில்லை.

"தெரியும்க்கா."

"தெரியுமா? எப்போ?"

"ரெண்டாம் நாளே. எல்லாரும் பம்மிப் பம்மி நடந்தாங்க. நீங்க ஒருத்திதான் நேரா நடந்தீங்க."

பிரகாசியம்மாளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்போ வெந்நீர்?"

"கேட்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே."

"சட்டத்தைப் பேச எனக்கு வாயில்ல. கேட்கிறேன், சொல்லுங்க."

சிஸ்டர் ஒரு அவரைக்காயைப் பறித்துக் கூடையில் போட்டார்.

"இல்லத்துல நாம எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

"சொம்புல பத்துச் சீட்டுதான் போடுவேன். என் பேரைப் போடுறதுமில்ல, நான் எடுக்கிறதுமில்ல."

"ஏன் சிஸ்டர்?"

"சில வருஷம் யாராவது ஒருத்தி தன் பேரையே எடுத்து ஒளிச்சு வச்சுக்குவா. அவளுக்கு ஒரு ஆள் வேணுமே."

மழை விட்ட தோட்டத்தில் பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னை அன்னைக்கே கூப்பிட்டு ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாமே."

"திட்டிட்டு நின்னா வெந்நீர் ஆறிடும்க்கா."

பிரகாசியம்மாள் சீட்டைக் கிழித்து அவரைச் செடிக்குக் கீழே போட்டாள். "விண்ணரசிக்காகவும் செபிச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பின்னே? அவதானே உங்க முழங்கால் வலி."

நாலாவது திரி ஏற்றிய மறுநாள், காலை பத்து மணி. பிரகாசியம்மாள் சமையற்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செபாஸ்தினா சிஸ்டர் முக்காடு நழுவ ஓடிவந்தார்.

"அக்கா! போன்! மஸ்கட்டு!"

அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மருமகன் பெஞ்சமின் பேசினான்.

"அத்தை, ராத்திரியே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. பொண்ணு. ஒரு கிலோ நானூறு கிராம். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. பத்து நாள் போனாத்தான் சொல்ல முடியும்கிறாங்க."

"விண்ணரசி?"

"நல்லாருக்கா. வேற மாடியில படுத்திருக்கா. இன்னும் பிள்ளையைப் பார்க்கல."

"நீங்க?"

"கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்தேன். உள்ளே விடல, அத்தை."

போனை வைத்தாள். ஆபீஸ் அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் போய்ச் சொன்னார்களோ, சிஸ்டர் அமலோற்பவம் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பிழைக்குமா, சிஸ்டர்?"

"தெரியலைக்கா."

"பொய்யாவது சொல்லக் கூடாதா?"

சிஸ்டர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பூசணிக்காய் ஈரம் இன்னும் காயவில்லை.

"நான் விடாமத்தானே செபிச்சேன். கைக்குள்ளேயே வச்சிருந்தேனே. இப்போ பெத்தவளும் பக்கத்துல இல்ல, நானும் இல்ல. யாரு தொடுறா அந்தப் பிள்ளையை? பசிச்சா யாருக்குத் தெரியும்?"

"ஒரு நர்ஸ் இருப்பாங்க."

"எந்த ஊருக்காரியோ."

"ஆமா."

"நம்ம பாஷை தெரியுமோ என்னவோ."

"ஒரு கிலோ நானூறுக்குப் பாஷை எதுக்குக்கா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தாள்.

"அவளுக்கும் வீட்டுல பிள்ளைக இருக்கும்ல, சிஸ்டர்?"

"இருக்கலாம்."

"அதுகளை யார்கிட்டயோ விட்டுட்டு வந்து, எம் பேத்திக்குப் பால் குடுப்பா. சொட்டுச் சொட்டாத்தான் குடுக்கணுமாமே. பூராப் பொழுதும் நின்னுக்கிட்டே இருப்பாளோ? காலு கடுக்குமே."

சிஸ்டர் அவள் விரலில் ஒட்டியிருந்த பூசணி விதையை எடுத்தார்.

"அவளுக்கு யாரு செபிப்பா?" என்றாள் பிரகாசியம்மாள், தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு சீட்டுக் குடுங்க, சிஸ்டர்."

"கிறிஸ்துமஸுக்கு மூணு நாள்தான் இருக்கு."

"இருக்கட்டும்."

"யார் பேரு?"

"அந்த நர்ஸ் பேருதான்."

சிஸ்டர் எழுந்தார். சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தார். அதை நாலாக மடித்து, பிரகாசியம்மாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

அவள் பிரித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இதுல பேரே எழுதலையே."

"அவளை அங்கே நிறுத்தினவருக்குத் தெரியும்க்கா."

இவ்வளவுதான் கதை. கேட்டவர்கள் எழுந்து போவதற்கு முன்னால் ஒரே ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுங்கள். யாருக்காக என்று என்னைக் கேட்க வேண்டாம்.