இருவரும் மறுக்காத வரலாறு

நெடுங்கரை சமஸ்தானத்தில் தேர் ஓடியது. மறுநாள் கடைவீதி இல்லை. இடையில் நடந்ததைப் பற்றி அரண்மனை விடுத்த அறிவிப்பு இப்படிச் சொன்னது: 'இரு தரப்பினரிடையே சிறு சலசலப்பு. நிலைமை கட்டுக்குள் உள்ளது.' உண்மைதான். எரிவதற்கு வேறு கடை மிச்சமில்லை.

வழக்கம் சின்னதுதான். தேர் பள்ளிவாசல் முனைக்கு வந்ததும் மேளம் நிற்கும். முனை தாண்டியதும் மறுபடி முழங்கும். நடுவில் பள்ளிவாசல்காரர்கள் வடம் பிடிப்பவர்களுக்குப் பானகம் கொடுப்பார்கள். இந்த வருஷம் மேளம் நிற்கவில்லை என்றது ஒரு பக்கம். நிற்பதற்குள் கல் வந்தது என்றது மறு பக்கம்.

கோயில் தர்மகர்த்தா உமையொருபாகம் பிள்ளையும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி மொய்தீன் ராவுத்தரும் ராஜசபைக்கு வந்தார்கள். எரிந்த வீதியில் இருவருக்கும் கடை இருந்தது. நியாயம் கேட்டு இருவரும் வரலாறு சொல்லத் தொடங்கினார்கள். உச்சிவெயில் வந்தது. வரலாறு இன்னும் தாத்தாக்கள் காலத்தைத் தாண்டவில்லை.

படைத்தலைவரான தளவாய் வீரமார்த்தாண்டன் தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, இவங்க சேர்ந்து இருக்க மாட்டாங்க. வீதியில ரெண்டு பேருக்கும் இடம் வேண்டாம். என்கிட்ட விட்டுடுங்க, நான் காவல் பாத்துக்கறேன். தேரன்னைக்கும் என் ஆளுங்க காலையிலேர்ந்து வீதியை விட்டு ஒரு அடி நகரலை."

அந்த இடத்தில் புதுக் கடைகள் கட்டத் தளவாயின் மைத்துனர் மரம் இறக்கியிருந்தார். இதை ஊர் உரக்கப் பேசியது. மரம் தேருக்கு முந்தின நாளே வந்துவிட்டது என்பதை மட்டும் மெதுவாகப் பேசியது.

ராஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சபை விகடரான அம்பலத்தாடியைப் பார்த்தார்.

"ஓய், இந்தச் சண்டையின் வரலாற்றை நீர் சொல்லும். ரெண்டு பேரும் ஒரு சொல்லைக்கூட மறுக்கக் கூடாது. நாளைக் காலைவரை அவகாசம். முடியலைன்னா வீதி தளவாய்க்கு."

"நாளைக்கு எதுக்கு மகாராஜா, இப்பவே ஆகட்டும்" என்றார் அம்பலத்தாடி. "ஒரே நிபந்தனை. அவங்கவங்க ஆளு செஞ்சதை மட்டும் சொல்லணும். பிள்ளைவாள், ஆரம்பிங்க."

"முதல்ல அவங்கதான்..."

"அவங்க வேண்டாம். நீங்க?"

பிள்ளை யோசித்தார். "நாங்க சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

"கல்லு?"

"எங்க ஆளுங்க தொடலை."

"தீ?"

"சிவ சிவா."

"ராவுத்தரே, நீங்க?"

"தொழுதுகிட்டு இருந்தோம்."

"கல்லு, தீ?"

"அல்லா அறிய ஒண்ணுமில்லை."

"அவர் சொல்றது பொய்" என்று இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"தாராளமா மறுக்கலாம்" என்றார் அம்பலத்தாடி. "ஆனா மறுக்கறவர் முதல்ல தன் பக்கத்துக்குச் சத்தியம் பண்ணணும். எங்க பிள்ளைங்க ஒருத்தன்கூட கையை நீட்டலைன்னு. பிள்ளைவாள் சன்னதியில கற்பூரம் அணைச்சு, ராவுத்தர் குர்ஆன் மேல கை வச்சு."

பிள்ளை உத்தரத்தைப் பார்த்தார். ராவுத்தருக்கும் அதே உத்தரம் திடீரென்று பிடித்துப்போயிற்று. இருவருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

"மறுப்பு இல்லை" என்றார் அம்பலத்தாடி. "மகாராஜா, இதோ வரலாறு. தேர் வந்தது. ஒரு பக்கம் கும்பிட்டாங்க, ஒரு பக்கம் தொழுதாங்க. வீதி எரிஞ்சது."

"யார் எரிச்சா?" என்றார் ராஜா.

"இவங்க ரெண்டு பேரும் இல்லைன்னு ஆயிடுச்சு. மிச்சம், ஒரு அடி நகராம வீதியில நின்னவங்கதான்."

சபை முழுவதும் தளவாய் பக்கம் திரும்பியது.

"என் ஆளுங்களா? என்ன பேச்சு இது? அது... காத்து. அன்னைக்கு நல்ல காத்து. தீப்பந்தத்துப் பொறி பறந்து விழுந்திருக்கும்."

"சேத்துக்கறேன். காத்துல எரிஞ்சது. அப்ப காவல் எதுக்கு தளவாய்? காத்தைப் பிடிச்சுக் கட்டவா?"



"ஆனா உங்க மைத்துனரைப் பாராட்டணும்" என்று தொடர்ந்தார் அம்பலத்தாடி. "காத்து வரப்போறது தெரிஞ்சு முந்தின நாளே மரம் இறக்கி வச்சிருக்காரே."

ராஜா உத்தரவு போட்டார். வீதி பழையபடி கடைக்காரர்களுக்கே. கடைகளைக் கட்ட மரம் அரண்மனை வாங்க வேண்டியதில்லை, தயாராகவே இருக்கிறது. மைத்துனர் அதை அன்பளிப்பாகக் கொடுக்கிறார். தளவாய்க்கு இனி வீதியில் வேலையில்லை. குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளையும் ராவுத்தரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே நடந்தார்கள். வாசல் குறுகல். "போங்க மாமா" என்றார் ராவுத்தர், பழக்க தோஷத்தில். பிள்ளை முறைத்தார். முறைத்துவிட்டு முன்னால் போனார்.

சபை கலைந்தது. ராஜா அம்பலத்தாடியைக் கிட்டே கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லும். நீர் சொன்ன வரலாற்றை நீர் நம்பறீரா?"

"ஒரு சொல்லைக்கூட நம்பலை மகாராஜா."

"பின்னே ஏன் சொன்னீர்?"

"ரெண்டு பேரும் மறுக்காத வரலாறுதானே கேட்டீங்க. நடந்த வரலாறு வேணும்னு சொல்லவே இல்லையே."

ராஜா சிரித்தார். தம் விரல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். நடந்த வரலாற்றைக் கடைசிவரை அவர் கேட்கவில்லை.