சோபாவில் சிரித்தவர்

கோமதிநாயகி உள்ளே வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலும் இன்னொன்று நடையிலும் கிடந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் அப்படிப்பட்டவளா?"

பூரணம்மா ஸ்டூலில் ஏறித் தியான அறையின் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கோமதிநாயகியைவிட அவர் வயதில் சிறியவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான கோமதிநாயகி அவரைக் குருவாக ஏற்று வெகுநாளாகிறது. பூரணம்மா அவரை அக்கா என்பார், அவர் பூரணம்மாவை அம்மா என்பார்.

"உக்காருங்கக்கா. என்ன நடந்துச்சு?"

"அந்த 'சோபா ராஜ்ஜியம்' நிகழ்ச்சிம்மா. என் மானத்த வாங்கிட்டானுவ."

அந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். நாலு பேர் தங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை நாம் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஓடும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்த நாலு பேரில் கோமதிநாயகியும் ஒருவர். இதற்கு விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

"எல்லா நாளும் ஒரே சேலையக் கட்டச் சொன்னாங்க. கிளிப்பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கு மேடம்னு படம் பிடிக்க வந்த பையன் சொன்னான். நானும் வாயெல்லாம் பல்லாக் கட்டினேன். ராத்திரி துவைச்சு, காலைல தேச்சு, அதையே கட்டினேன். எதுக்குன்னு இப்பத்தான் புரியுது."

"எதுக்கு?"

"ஒரே சேலைன்னா என்னைக்குச் சிரிச்ச சிரிப்ப என்னைக்கு வேணும்னாலும் ஒட்டலாம்லா? ஒரு காமெடிப் படத்தப் பாத்துச் சிரிச்சேன். அதத் தூக்கி உப்பளத்துக் குடிசை எரிஞ்ச செய்தியில ஒட்டிட்டானுவ. அந்தச் செய்திய எங்களுக்குப் போட்டே காட்டலம்மா! வீடு எரிஞ்சு நிக்குதவளப் பாத்து நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கேன். ஊரே பாத்துட்டு."

அவர் குரல் உடைந்தது. கோபத்திலேயே அழுதார்.

"சம்பந்தியம்மா போன் பண்ணி, 'என்ன மதினி, இப்படிப் பண்ணிட்டிய'ங்கா. எங்கிட்டப் படிச்ச பயலுவ பைக்ல போறப்ப, 'டீச்சர், இன்னொரு தடவை சிரிங்க டீச்சர்'னு கத்துதானுவ. கோயிலுக்குப் போனா பக்கத்துல உக்காந்தவ எந்திரிச்சுப் போறா. வேலை பாத்த காலத்துல ஒரு பிள்ளையக்கூட நோகப் பேசினதில்ல. எல்லாம் போச்சு."

"காட்டுங்க."

கோமதிநாயகி கைப்பேசியை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. திறந்ததும் அதுதான் வந்தது.

பூரணம்மா முழுவதையும் பார்த்தார். பார்த்து முடித்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"அயோக்கியத்தனம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கோமதிநாயகிக்கு உயிர் வந்தது.

"அப்படிச் சொல்லுங்கம்மா! வீட்டுல இவுக, 'விடு, நாலு நாள்ல மறந்துருவாங்க'ங்காக. நீங்களும் பொறுத்துப் போன்னு சொல்லிருவியளோன்னு பயந்துட்டே வந்தேன்."

"ஏன் பொறுக்கணும்? நாளைக்கே சேனல் ஆபீஸுக்குப் போவோம். நானும் வருதேன்."

"நெசமாவா?"

"நெசமா. போய் என்ன கேக்கணும்?"

"அவனுவ மன்னிப்புக் கேக்கணும்மா. தனியா ஒரு ரூம்ல வச்சு இல்ல. அதே நிகழ்ச்சியில, அதே நேரத்துல, எல்லாரும் பாக்கக் கேக்கணும்."

"சரி. யார்ட்ட கேக்கணும்?"

"எங்கிட்டதான். வேற யார்ட்ட?"

பூரணம்மா தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்னக்கா?"

"எந்தப் பொண்ணு?"

கோமதிநாயகியே யோசித்துப் பிடித்துக்கொண்டார்.

"ஓ, அந்தச் செய்தியில வர்றவளா? பேரு தெரியலம்மா. யாரோ உப்பளத்துல வேலை பாக்குதவ."

"கையில ஏதோ வச்சிருக்காளே. என்னது?"

"கையிலயா? கவனிக்கலியே."

"என்ன சொல்லி அழுதா?"

"எங்கம்மா கேக்க விட்டானுவ? அவ பேசுதது மேலேயே என் சிரிப்பப் போட்டுல்ல வச்சிருக்கானுவ!" அவருக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. "என் பல்லு வரிசை, என் தோடு ஆடுதது, நான் இவுக தொடையில தட்டித் தட்டிச் சிரிக்கது, ஒண்ணு விடாமத் தெரியுது. நேத்து முச்சூடும் இதத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டு இருந்தேன். சோறு இறங்கல."

"இன்னொரு தடவை போடுங்க."

கோமதிநாயகி போட்டார். சிரிப்புச் சத்தம் அறையை நிறைத்தது. பூரணம்மா கைப்பேசியை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினார். பிறகு உள்ளங்கையைத் திரையின் மேல் வைத்தார். சோபாவும் கிளிப்பச்சைச் சேலையும் சிரித்த முகமும் மறைந்தன. மூலையில் இருந்த சின்னக் கட்டம் மட்டும் கைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகி குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கைய எடுங்கம்மா. ஒண்ணுமே தெரியல."

பூரணம்மா கையை எடுக்கவில்லை.

"ஒருத்தி நிக்காளே அக்கா."