கண்ணாடி டம்ளரில் ஒரு பூச்சி

“மூணு வாரமாச்சும்மா. ஒரு மீன்கூட வாய் வைக்கல.”

அருமைநாயகம் தன் குருவிடம் இப்படித்தான் முறையிட்டார்.

அவருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு நாற்பத்தொன்று.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குரு தங்கபுஷ்பம் காலையில் கேரட் கழுவும் கிடங்கில் வேலை பார்ப்பாள். மத்தியானத்துக்கு மேல் ஓடையோரத்து வீட்டில், ஜன்னலடியில் உட்கார்ந்து பொய்ப்பூச்சி கட்டுவாள்.

தூண்டில் முள்ளின்மேல் நூலையும் சேவல் இறகையும் சுற்றி, இது பூச்சிதான் என்று மீனை நம்பவைக்கும் வேலை அது. நீலகிரியின் மேல்மலை ஓடைகளில் இருக்கும் டிரவுட் மீன் எதையும் லேசில் நம்பாது. தங்கபுஷ்பம் கட்டியதை மட்டும் நம்பும் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு.

அதைக் கேட்டுத்தான் சார் தன் ஊரான எமரால்டிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். தூண்டில் கழி வாங்கியிருந்தார். புதுத் தொப்பியும் வாங்கியிருந்தார். மீன் ஒன்றுதான் பாக்கி.

“நீங்க கட்டுன பூச்சியக் குடுங்க சார்.”

கொடுத்தார். மயிலிறகு. சிவப்புப் பட்டுநூல். இடுப்பைச் சுற்றி ஜரிகை.

தங்கபுஷ்பம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு. யாருக்கு?”

“மீனுக்குத்தான்.”

“மீன் கேட்டுச்சா?”

சார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் கேள்வி கேட்டுப் பழகியவருக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.



“எதுக்கு சார் இந்த வயசுல மீன் புடிக்கணும்னு ஆசை?”

“ஒரே ஒரு மீன் போதும்மா. கையில புடிச்சு ஒரு போட்டோ எடுக்கணும். மகளுக்கு அனுப்பணும்.”

“எங்க இருக்காங்க?”

“கோயமுத்தூர்ல.”

பிறகு அவரே சொன்னார்.

முப்பது வருடத்துக்கு முன்னால், மகள் ஹெப்சிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சுற்றுலா வந்தபோது அவளையும் கூட்டிவந்திருந்தார். இதே ஓடைப் பாலத்தில் நின்று அவள் குனிந்து பார்த்தாள். ஒரு டிரவுட் மேலே வந்து பூச்சியைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது.

“அப்பா, அந்த மீனுக்குப் பொட்டு இருக்கு. என்ன கலருப்பா?”

அவர் கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அந்த அப்புறம் வரவே இல்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஹெப்சி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வந்து வாசலில் நின்றார்கள். சார் வாசலிலேயே வைத்து ஒரு சொல் சொன்னார். அவள் உள்ளே வரவில்லை.

“மாசம் பொறந்தா ஒரு லெட்டர் போடுறேன்மா. பதில் கிடையாது. திரும்பி வந்தாலாவது அட்ரஸ் தப்புன்னு மனச ஆத்திக்கலாம். அதுவும் வர்றதில்ல. போய்ச் சேருது. அவ வாங்குறா.”

தங்கபுஷ்பம் அந்த ஜரிகைப் பூச்சியை அவர் சட்டைப்பையிலேயே போட்டாள்.

“நாளைக்கு வாங்க. கழி வேண்டாம்.”



மறுநாள் அவரை ஓடைக்குள் இறக்கினாள். தண்ணீர் முழங்காலைக் கடித்தது.

“ஒரு கல்லப் பொரட்டுங்க.”

புரட்டினார். கல்லின் அடியில் பழுப்பாக என்னவோ நெளிந்தது. மூன்று வால், ஆறு கால். பக்கத்தில் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஒரு புழு.

“அசிங்கமா இருக்கே.”

“தெனம் சாப்பிடுற சாப்பாடு இப்படித்தான் இருக்கும். அந்த மீனு ஜரிகையப் பாத்ததே இல்ல சார்.”

சார் கல்லைக் கீழே போடப் போனார். அவள் தடுத்தாள். வாங்கி, எடுத்த குழியிலேயே, எடுத்த பக்கமாகவே வைத்தாள்.

“ஏன்?”

“அதுங்க அங்கதான குடியிருக்கு.”

அன்றிலிருந்து அவர் பழுப்பில் கட்டினார். தங்கபுஷ்பம் ஒவ்வொரு நாளும் வாங்கிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் நூலைப் பிரித்து, வெறும் முள்ளைத் திருப்பிக் கொடுப்பாள். தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாளும் பஸ் ஏறினார். வீட்டில் இருந்தால் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும். மணி அவர் வீட்டைத் தாண்டிப் போவதும் கேட்கும். அதற்கு இந்தக் கோபம் தேவலை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

“நான் எப்படிப் போடுறது? மார்க் போடுறவங்க தண்ணிக்குள்ள இருக்காங்க.”



வாரக்கணக்கில் பிரித்துப் பிரித்துக் கட்டியதில் சாருக்குக் கை வந்துவிட்டது.

ஓடைக்கு மேலே பறக்கும் பூச்சி ஒன்றைப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, பதினோரு நாளில் ஒன்று கட்டினார். வாலுக்கு மூன்று மயிர். சாம்பல் நிறத்தில் நிமிர்ந்த இரண்டு இறக்கை. இறக்கையில் நரம்புகூட இருந்தது. மேஜைமேல் வைத்தபோது பறந்துவிடுமோ என்று தங்கபுஷ்பமே ஒரு கணம் கையைக் குவித்தாள்.

அன்றைக்கு அவள் பிரிக்கவில்லை.

சார் தானே ஓடைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கழியைச் சுவரில் சாய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“வந்துச்சும்மா.”

“கவ்வுச்சா?”

“இல்ல. அடியிலருந்து மேல வந்துச்சு. பூச்சிக்குக் கீழ நின்னுச்சு. பாத்துச்சு. பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு.”

அவர் கழியை ஒருவழியாகச் சுவரில் சாய்த்தார்.

“வராமலே இருந்திருந்தாக்கூடத் தேவலைம்மா. கிட்ட வந்து, பாத்து, வேண்டாம்னுட்டுப் போறத என்னால தாங்க முடியல. நான் என்ன கொறை வச்சேன்? அப்படியே உரிச்சு வச்ச மாதிரிதான கட்டியிருக்கேன்?”

எந்தக் குறையைப் பற்றிக் கேட்கிறார் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். சாரின் பூச்சியை நூலிலிருந்து அறுத்து அதில் மிதக்கவிட்டாள். நன்றாகத்தான் மிதந்தது.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

அவள் டம்ளரை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“இப்பப் பாருங்க.”

அருமைநாயகம் அண்ணாந்து பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“எறக்கை…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். “எறக்கை தெரியல. நரம்பும் தெரியல. நெறமும் தெரியலம்மா, எல்லாம் இருட்டா இருக்கு.”

“பின்ன என்னதான் தெரியுது?”

அவர் நெடுநேரம் பார்த்தார்.

“முள்ளு.”

தங்கபுஷ்பம் டம்ளரை இறக்கி மேஜையில் வைத்தாள். அவள் கை வலித்திருக்க வேண்டும், உதறிக்கொண்டாள்.

“நீங்க பதினோரு நாளும் மேலருந்தே பாத்துட்டீங்க சார்.”



வெயில் இறங்க இன்னும் நேரம் இருந்தது. சார் எழுந்திருக்கவில்லை.

“முள்ளு இல்லாமக் கட்ட முடியுமா?”

“முடியும்.”

“மீன் வருமா?”

“வரும். கைக்கு வராது.”

“அப்புறம் எதுக்கும்மா?”

“வர்றதப் பாக்கலாம்.”

அவள் மேஜையில் குறடை வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

சார் குறடைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் போனால் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் போட்டோ இல்லை. போட்டோவை நம்பித்தான் இந்த மாதக் கடிதத்தை எழுதி வைத்திருந்தார். இந்த ஒன்றுக்காவது அவள் பதில் போடுவாள் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆசையில் எமரால்டுக்கும் ஓடைக்கும் இத்தனை நாள் அலைந்தார்.

அடுப்படியில் டீ கொதிக்கும் வாசனை வந்தபோது, இங்கே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

முள்ளின் வளைவு தெறித்து ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது.



பாலத்துக்குக் கீழே, தேக்கமாக இருந்த இடத்தில் பூச்சியை விட்டார். அது தண்ணீரோடு போனது. அவர் இழுக்கவில்லை, இழுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடியில் ஒரு நிழல் அசைந்தது.

மேலே வந்தது. பூச்சிக்குக் கீழே நின்றது. சார் மூச்சை அடக்கிக்கொண்டார்.

கவ்வியது.

வாயில் வைத்து, இது சாப்பாடு இல்லை என்று தெரிந்துகொண்டு, துப்பிவிட்டு, பக்கவாட்டில் ஒரு சுற்றுத் திரும்பியது. அவ்வளவு நேரம்தான். விலாவில் வெயில் பட்டது. பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது.

சாரின் கண்ணும் ஈரமாகிவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாக அவர் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை காத்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது. அவர் பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்த்தார்.

கரையேறிக் கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த மாதக் கடிதத்தை எடுத்தார். நாலு பக்கம். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இலக்கணப் பிழைக்கு வழியே இல்லை.

படித்தார்.

‘நான் உன்னை மன்னித்துவிட்டேன்.’

‘உன் அம்மா இருந்திருந்தால் என்னை இப்படித் தவிக்கவிட்டிருப்பாளா?’

‘கிறிஸ்துமஸுக்கு வா. வராவிட்டால் இதையே என் கடைசிக் கடிதமாக வைத்துக்கொள்.’

கடிதத்தை மடியில் வைத்தார். பிறகு, வழியில் போகிறவர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையே இல்லாமல், அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார்.

தங்கபுஷ்பம் டீயோடு வந்தவள் தள்ளியே நின்றுவிட்டாள். டீ ஆறியது.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

“ஒரு போஸ்ட் கார்டு இருக்குமாம்மா?”

கார்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்.

‘ஹெப்சி, அந்த மீனின் பொட்டு கறுப்பு. விலாவில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடும் இருக்கிறது. அன்றைக்கே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா.’

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

“வரச்சொல்லி எழுதலயா சார்?”

அவர் கார்டைத் திருப்பி முகவரி எழுதினார்.



ஐந்து வாரம் ஆனது.

தபால்காரர் மணி அடித்துக்கொண்டே போனார், வந்தார், போனார். சார் அடுத்த மாதக் கடிதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பேனா நின்றது. ஓடைக்கும் போகவில்லை. ராத்திரி படுத்தால், அந்த ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாமோ, வா என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாமோ என்று மனது அடித்துக்கொண்டது.

ஆறாவது வாரம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவதைத் தங்கபுஷ்பம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தொப்பி இல்லை. கழி இல்லை. கையில் ஒரு கார்டு.

மூச்சிரைக்க அதை நீட்டினார்.

‘அன்புள்ள’ இல்லை. கையெழுத்தும் இல்லை. நடுவில் ஒரே ஒரு வரி.

‘வாலிலும் பொட்டு உண்டா?’

“நான் வாலைக் கவனிக்கலியேம்மா. அது திரும்புன திருப்புல விலாவத்தான் பாத்தேன். உங்களுக்குத் தெரியும்ல? இந்த மீன எத்தன வருசமாப் பாக்குறீங்க. சட்டுனு சொல்லுங்க, நாலு மணிக்குத் தபால் எடுத்துருவாங்க.”

தங்கபுஷ்பம் ஒரு புது முள்ளை எடுத்து இடுக்கியில் மாட்டினாள். குறடை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“எனக்குத் தெரியும் சார். அவங்க கேட்டது உங்கள.”