தாங்க முடியாத சௌக்கியம்

முன்னொரு காலத்தில் ஓடைநாடு என்றொரு நாடு இருந்தது. நாடு ஏழை, ராஜா மாணிக்கபூபதிக்கு மட்டும் நல்ல தொப்பை. காதுக்கு இனிக்காத எதையும் அவர் கேட்கமாட்டார்.

அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர் விருதுமணி. ராஜாவுக்கு எது வந்தாலும் முதலில் ருசிபார்க்கும் கௌரவத்தைச் சண்டைபோட்டு வாங்கியவர். மந்திரி திருமேனியின் பேச்சை ராஜா கேட்டுவிட்டால் அன்றைக்கு விருதுமணிக்குச் சோறு இறங்காது. மந்திரி ஊரூராக நடத்திவந்த வைத்தியசாலைகளைக் காட்டி, நோயில்லாத ஊரில் வைத்தியன் சும்மா உட்கார்ந்து தின்கிறான் என்று ராஜாவிடம் ஓதினார். வைத்தியசாலைகளைப் பூட்டி, வைத்தியர்களை ராஜாவுக்குக் குடைபிடிக்க வைத்தார்கள்.

அந்த வருஷ மழைக்கு ஏரி உடைந்தது. கரையூர்க் கிணறுகளில் சாக்கடை புகுந்து, வீட்டுக்கு வீடு பேதி. சேதி வந்தபோது ராஜா பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த அசிங்கமான சொல் இனி என் காதில் விழக்கூடாது என்று தள்ளிவிட்டார். பாயசத்தை அல்ல, சேதியை. விருதுமணி உடனே தமுக்கடிக்கச் செய்தார்: பேதி என்று சொல்பவன் நாக்கு அறுபடும், அந்த உபாதை உள்ளவர்கள் 'சௌக்கியம்' என்று சொல்லவேண்டியது.

அப்புறம் சபைக்கு வந்ததெல்லாம் நல்ல சேதி. கரையூரில் எல்லாருக்கும் சௌக்கியம். பக்கத்து ஊருக்கும் சௌக்கியம் பரவுகிறது. ராஜா பூரித்துப்போனார்.

ஒருநாள் கரையூர்ச் செங்கல் சூளையில் கல் அறுக்கும் வேலாயி சபையில் வந்து நின்று அழுதாள்.

"என்னம்மா?" என்றார் ராஜா.

"எம் மகளுக்கு சௌக்கியம், சாமி."

"அதற்கா அழுகை?"

"தாங்க முடியாத சௌக்கியம். நேத்து அவ அப்பா சௌக்கியத்துலயே போய்ச் சேந்துட்டாரு. இவளையாச்சும் காப்பாத்துங்க."

ராஜா விழித்தார். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார் விருதுமணி. வைத்தியசாலைகளைத் திறக்கவேண்டும் என்றார் மந்திரி. நாட்டில் நோய் இருந்தால்தானே என்றார் விருதுமணி. இருப்பதை அந்தச் சொல்லைச் சொல்லாமல் மந்திரி நிரூபிக்கட்டும், முடியாவிட்டால் பதவியை விடட்டும் என்று கொக்கி போட்டார். ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். சரி என்றுவிட்டார்.

மந்திரி குதிரைவீரனை அனுப்பி, கரையூர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவரச் செய்தார். வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார்.

"நாட்டிலேயே சௌக்கியம் அதிகமுள்ள ஊரின் தண்ணீர். ராஜா பருகுமுன் நீங்கள்தானே ருசிபார்க்கவேண்டும், விருதுமணியாரே?"

விருதுமணி தமக்குத் தாகமில்லை என்றார். பிறகு, இன்று விரதம் என்றார்.

"விரதத்துக்குத் தண்ணீருமா ஆகாது? இப்படிக் கொடும்" என்று ராஜாவே கிண்ணத்தை வாங்கினார். "எனக்கும் கொஞ்சம் சௌக்கியம் வரட்டும்."

கிண்ணம் உதட்டருகே போனது. விருதுமணி பாய்ந்து ராஜாவின் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மகாராஜா, பேதி பிடுங்கிக்கொள்ளும்!"

குடைபிடித்த ஒரு வைத்தியர் சிரிப்பை அடக்க, குடை மட்டும் குலுங்கியது.

"அப்படியானால்," என்றார் ராஜா மெதுவாக, "இத்தனை நாள் வந்த சௌக்கியமெல்லாம்..."

"அதேதான், சாமி" என்றாள் வேலாயி.

ராஜாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நோய் வராத வருஷத்திலும் வைத்தியனுக்குச் சோறு போடச் சொல்கிறீரா என்று மந்திரியைக் கேட்டார்.

"சண்டை வராத வருஷத்தில் படையைக் கலைத்தீர்களா, மகாராஜா?"

ராஜா வைத்தியர்களைப் பார்த்து, போங்கள் என்று கையசைத்தார். குடைகளைப் போட்டுவிட்டு வைத்தியர்கள் உப்புக்கஞ்சியும் மருந்துமாகக் கரையூருக்கு ஓடினார்கள். பூட்டுகள் திறந்தன. அன்று முற்றத்து வெயிலில் ராஜா குடையில்லாமல் வெறுந்தலையோடு நின்றார்.

சட்டப்படி விருதுமணியின் நாக்கை அறுக்கவேண்டும். ருசிபார்க்க அது வேண்டுமே என்று மந்திரி தடுத்துவிட்டார். கரையூரில் தண்ணீர் காய்ச்சும் வேலை விருதுமணிக்கு. எந்த வீட்டுக்குக் குடம் போனாலும் முதல் மடக்கு அவருடையது. அதன்பின் அந்த ஊரில் காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டும் போகவில்லை.

வேலாயியின் புருஷனை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. சில நாள் கழித்து அவள் சபைக்கு வந்தாள். மகள் எப்படி என்று ராஜா கேட்டார்.

"பேதி நின்னுடுச்சு, சாமி."

பழக்கதோஷத்தில் சபையே காதைப் பொத்தியது. ராஜா மட்டும் முன்னால் குனிந்தார்.

"இன்னொரு தரம் சொல்லம்மா."