பலா வேரில் காய்த்த கதை

அந்தக் காலத்தில் மரமும் பேசும், முள்ளம்பன்றியும் பேசும்; சாமிதான் அதிகம் பேசமாட்டார். அப்போது பலாமரம் இப்படி இடுப்பிலும் காலடியிலும் காய்க்காது. உச்சிக் கிளையில் மட்டும் காய்க்கும், அதுவும் வருஷத்துக்கு ஒரே பழம். அதை யாரையும் தொட விடாது. "இது சாமிக்கு வைத்தது. வேறு வாய் பட்டால் எச்சிலாகிவிடும். அவர் வானத்திலிருந்து இறங்கி நேரே என்னிடம்தான் வரவேண்டும்" என்று சொல்லும். குரங்கு ஏறினால் கிளையை உதறும். கிளி வந்தால் வாயில் வந்தபடி திட்டும்.

பாவம், அதற்குச் சாமிமேல் அவ்வளவு ஆசை. ஆனால் சாமி வரவில்லை. பழம் வருஷா வருஷம் மேலேயே அழுகியது. மரம் ஏங்கி ஏங்கி நின்றது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மரத்தின் வேரடியில் வளை தோண்டி ஒரு முள்ளம்பன்றி இரண்டு குட்டிகள் போட்டிருந்தது. தின்ன ஒன்றும் கிடைக்காமல் அதற்குப் பால் வற்றிவிட்டது.

"அக்கா, ஒரு சுளை கொடுங்களேன். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் ஊறினால் போதும்."

"சாமிக்கு வைத்ததைக் கேட்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?"

"சரி அக்கா. சாமி சாப்பிட்ட பிறகு கொட்டையாவது போடுங்கள்."

கோபித்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டு வளைக்குள் போனது. அது சண்டை போட்டிருந்தால் மரமும் சண்டை போட்டு நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது அப்படி முடியவில்லை. குட்டிகள் காய்ந்த மடியை முட்டுவது வேரில் தெரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் அதுவும் நின்றுபோனது. மரமே வலியக் கேட்டது.

"அம்மாடி, பிள்ளைகள் அசையவில்லையே?"

"முட்டத் தெம்பில்லை அக்கா."

பழத்தைக் கீழே போடலாமென்றால் அத்தனை உயரம்; விழுந்தால் வளையே நசுங்கிவிடும். மரம் உச்சியை ஒருமுறை பார்த்தது. "சாமி, கோபித்துக்கொள்ளாதே. இந்த வருஷம் உனக்கு ஒன்றும் இல்லை" என்றது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிறகு பழத்தின் சாறு முழுவதையும் கீழே இழுத்தது. மேலே பழம் சுருங்கியது, இலைகள் கொட்டின. அடிமரம் வெடித்துப் பால் வடிந்தது. அந்த வெடிப்பில், மண்ணை ஒட்டி, ஒரு பழம் பிதுங்கி வந்தது.

முள்ளம்பன்றி ஆசை தீரத் தின்றது. கொஞ்ச நேரத்தில் குட்டிகள் மறுபடி முட்டுவது வேரில் தெரிந்தது. மரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் கவனித்தது, வேரோரம் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் பலாப்பால் ஒட்டி, விரலைப் பிரிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"ஐயோ சாமி, அது எச்சில்" என்று மரம் பதறியது.

"இருக்கட்டும்" என்று சாமி அடுத்த சுளையை எடுத்தார். "வருஷா வருஷம் பசியோடு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மரம் ஏறத் தெரியாது."

அன்று முதல்தான் பலா கைக்கு எட்டும்படி அடிமரத்திலும் வேரிலும் காய்க்கிறது. ஒன்றோடு நிறுத்தாமல் உடம்பெல்லாம் காய்க்கிறது. எந்த வாயோடு சாமி வருவார் என்று அதற்குத் தெரியாதே.